ஒரு மீனுக்காக இவ்வளவு அழலாமா?

(கடிதம் எழுதியவரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 48. பம்புசெட் தயாரிக்கும் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மகள் ஆறாம் வகுப்பு படித்தபோது அடம்பிடித்தாள் என்று இரண்டு அங்குல ஆஸ்கார் மீன் குஞ்சு ஒன்றை வாங்கிக் கொடுத்தாராம். சைஸைப் பார்த்து மகள் வைத்த பெயர் பட்டாணி. அந்தப் பட்டாணி ஓர் அடிக்கு வளர்ந்து, நான்கடித் தொட்டியில் ஏழு வருடம் இருந்திருக்கிறது. மகள் போன வருடம் சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு மீனுக்கு எல்லாமே இவர்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஆறரைக்குக் கேட்டைத் திறந்தால், தொட்டியின் முன்கண்ணாடிக்கு வந்து வாலை ஆட்டிக்கொண்டு நிற்குமாம். கையிலிருந்தே தீனி வாங்கிக்கொள்ளும். அரை மணி நேரம் அதோடு உட்கார்ந்துவிட்டுத்தான் இவர் படுக்கப் போவார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் குலதெய்வம் கோயிலுக்காக நான்கு நாள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்ட மச்சினன், 'மாமா வர்றதுக்குள்ள தொட்டியைப் பளிச்சுனு ஆக்கி வெச்சிடலாம்' என்று சனிக்கிழமை முழுத் தண்ணீரையும் இறைத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவி, அப்போதுதான் வந்த கார்ப்பரேஷன் தண்ணீரை நேரடியாகப் பிடித்து நிரப்பிவிட்டார். ஞாயிறு இரவு இவர்கள் வந்தபோது பட்டாணி அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. வீட்டில் யாரும் இல்லாவிட்டால் அது அப்படிக் கிடப்பது வழக்கம் என்பதால், 'கோவிச்சுக்கிட்டிருக்கு' என்று சிரித்துவிட்டு இவர் தூங்கப் போய்விட்டார். திங்கட்கிழமை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கல் உப்பு போட்டு, இன்னொரு ஏர் பம்ப்பும் வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். செவ்வாய் காலை கேட்டைத் திறந்தபோது அது மிதந்துகொண்டிருந்தது. கொல்லையில் கொய்யா மரத்தடியில் புதைத்திருக்கிறார்.

"எங்க அப்பா இறந்தப்போ நான் அழவில்லை. இதுக்கு அழுதேன், இன்னும் அழுகிறேன். எனக்குப் பைத்தியமா?" என்று கேட்கிறார். 'ஞாயித்துக்கிழமை மத்திக் குழம்பு சாப்பிடற மனுசன் ஒரு மீனுக்கு ஒப்பாரி வைக்கிறதா' என்று மனைவி கேட்டது அவருக்கு ஆறவே இல்லை. மச்சினனோடு பேச்சு நின்றுவிட்டது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. வீடியோ காலில் கேட்டால், 'லைட் அணைச்சாச்சு, தூங்குது' என்று சமாளிக்கிறார். பெற்ற தாயோ, வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்கிறார். காலித் தொட்டியில் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "முன்னே வாரத்துக்கு ஒரு நாள். இப்போ ஷிஃப்ட் முடிஞ்சு வந்தால் தினமும் ஒரு குவாட்டர், இல்லாமல் தூக்கம் வருவதில்லை."

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குப் பைத்தியம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

ஏழு வருடம் தினமும் கவனித்துக்கொண்ட ஓர் உயிர் செத்துப்போயிருக்கிறது. அதற்கு அழுகை வருவது இயல்பு. அது இரண்டு மாதமாக நீடிப்பதும் கேள்விப்படாத விஷயம் அல்ல. நாயோ பூனையோ செத்து ஆறு மாதம் கழித்தும் அதன் பெயரைச் சொன்னால் கண் கலங்குபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்குக் கஷ்டம் என்னவென்றால், நாய் செத்தால் பக்கத்து வீட்டுக்காரராவது 'அடடா' என்பார். மீன் செத்தால் அதுவும் கிடையாது. யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள், கம்பெனியில் லீவு கேட்க முடியாது, அழுதால் கேலி. ஊர் அங்கீகரிக்காத இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி அமெரிக்கத் துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-லேயே விரிவாக எழுதினார். இப்படிப்பட்ட துக்கம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது மாதத்தில் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா விஷயத்துக்கு வருவோம். 'அப்போ அப்பாவைவிட மீன்தான் எனக்குப் பெரிசா' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் நிலைமை என்ன? மூத்த மகன். ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் பேசியது நீங்கள், ஃப்ரீசர் பாக்ஸ் சொன்னது நீங்கள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்ததும், பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல்காரர் பிடித்ததும் நீங்கள். உங்கள் கடிதத்திலேயே இதெல்லாம் இருக்கிறது. உட்கார்ந்து அழ அன்று உங்களுக்கு நேரம் ஏது? பட்டாணி செத்த அன்று குழி தோண்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. கண்ணீர் வந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு அழுதோம் என்பதை வைத்து யாரிடம் எவ்வளவு பாசம் என்று கணக்குப் போட முடியாது.

இந்த இடத்தில், 'நீங்கள் அழுதது உண்மையில் அப்பாவுக்காகத்தான்' என்று சொல்லி முடித்துவிடும் ஆலோசகர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அப்படிச் சொன்னால் பட்டாணி வெறும் சாக்கு என்று ஆகிவிடும். நீங்கள் மீனுக்காகத்தான் அழுதீர்கள். அதில் அப்பாவும், விடுதிக்குப் போன மகளும் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பட்டாணிக்கு உங்களைத் தெரிந்திருந்ததா?

கம்பெனியில் ஒருவர், 'மீனுக்கு மூணு செகண்ட்தான் ஞாபகம், அதுக்கு உன்னைத் தெரியவே தெரியாது' என்றாராம். அந்த மூன்று செகண்ட் கதை சுத்தப் பொய். பழக்கிய விஷயத்தைக் கோல்டு ஃபிஷ்ஷே மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். வாயால் தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் ஆர்ச்சர் மீனை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மனித முகத்தின் படத்தைப் பார்த்தால் மட்டும் தண்ணீர் பீய்ச்சும்படி பழக்கினார்கள். பிறகு 44 புதிய முகங்களைக் காட்டியும், பழகிய முகத்தை அது பெரும்பாலும் சரியாக அடையாளம் கண்டது. காட்டில் மனித முகத்தையே பார்க்கத் தேவையில்லாத மீன் அது.

ஆஸ்கார், சிக்லிட் என்ற வகையைச் சேர்ந்தது. அமேசான் பக்கத்து மீன். ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். இதே வகையைச் சேர்ந்த வேறொரு சிறிய மீனை வைத்துப் பிரான்சில் நடந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. வெள்ளை மூடிப் பெட்டியைத் திறந்தால் தீனி, கறுப்பைத் திறந்தால் ஒன்றுமில்லை (சில மீன்களுக்கு இதைத் தலைகீழாக மாற்றி) என்று பழக்கிவிட்டு, நடுவில் ஒரு சாம்பல் நிற மூடியை வைத்தார்கள். தான் தேர்ந்தெடுத்த ஆணிடமிருந்து பிரிக்கப்பட்ட பெண் மீன், அந்தச் சாம்பல் மூடியைத் திறக்கத் தயங்கியது. 'எங்கே இருக்கப்போகிறது' என்று மனசு விட்டுப்போனது போன்ற தயக்கம். பிரிவு மீனைப் பாதிக்கும் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அது ஜோடி மீனின் பிரிவு. தீனி போடும் மனிதரிடமும் அதே பந்தம் இருக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆகவே என் பதில் இது. பட்டாணி உங்களை அடையாளம் கண்டுகொண்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் வந்தால் அதற்கு ஏதோ நல்லது நடக்கும் என்று தெரிந்திருந்தது. கேட் சத்தத்தின் அதிர்வுக்கே எழுந்து வந்திருக்கிறது. அதைப் பாசம் என்று சொல்லலாமா, தீனிக்கான எதிர்பார்ப்பு என்று நிறுத்திக்கொள்ள வேண்டுமா? கைக்குழந்தை அம்மாவைப் பார்த்துத் துள்ளும்போது இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. நீங்களும் விட்டுவிடலாம். உங்கள் துக்கம் நியாயமானதாக இருக்க, மீன் உங்களைப் பதிலுக்கு நேசித்தது என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. தினமும் ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருந்தால் அதன்மேல் பிரியம் வரும். அந்த ஏழு வருடப் பிரியம் உங்களுடையது. அதற்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

மத்திக் குழம்பு விஷயத்தையும் இதோடு முடித்துவிடுகிறேன். ஆட்டுக்கறி சாப்பிடுகிற வீட்டிலேயே ஆடு வளர்க்கிறார்கள், அதற்குப் பெயரும் வைக்கிறார்கள். பழகிய உயிர் வேறு, சந்தையில் வாங்கியது வேறு என்றுதான் பெரும்பாலான மனிதர்கள் வாழ்கிறார்கள். இப்போது உங்களுக்கு மீன் இறங்கவில்லை என்றால் சாப்பிட வேண்டாம். அதை ஒரு விரதம் மாதிரி அறிவிக்கவும் வேண்டாம், 'கொஞ்ச நாளைக்கு எனக்கு வேண்டாம்' என்றால் போதும்.

கண்டம் கழிந்ததா?

மகள் ஸ்கூட்டரில் விழப்போய்த் தப்பித்ததும் அதே வாரம் என்பதால், அம்மா சொன்னது உங்களுக்கு உறுத்துகிறது. அம்மாவிடம் வாதாடாதீர்கள். அவர் தனக்குத் தெரிந்த வழியில் உங்களுக்கு ஆறுதல் சொல்கிறார். ஆனால் நீங்கள் அதை நம்பத் தொடங்கினால், மீன் செத்த வருத்தத்தோடு 'எங்களுக்காகச் செத்தது' என்ற கடனும் தலையில் ஏறும். அது தேவையில்லாத பாரம். வீட்டுக்கு வரும் கெடுதலை வாங்கிக்கொள்ளும் வாஸ்து மீன் என்று கடைகளில் விற்கிற ஃபிளவர்ஹார்ன் 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்டது. எந்த சாஸ்திரத்திலும் அது இருந்திருக்க வழியில்லை. ஆஸ்காரோ அந்த வியாபாரத்தில்கூடப் பெரிதாக அடிபடாத மீன். பட்டாணி செத்ததற்குக் காரணம் தண்ணீர். அதை இப்போது பார்ப்போம்.

என்ன நடந்தது, யார் பொறுப்பு

நான் மீன் வைத்தியர் அல்ல. உங்கள் கடிதத்தில் அந்தப் பகுதியை மட்டும், வளர்ப்பு மீன்களைப் பற்றி நன்கு தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மொழியில் தருகிறேன்.

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா. பார்க்க வழவழவென்று அழுக்கு மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் தேய்த்துக் கழுவி விடுவார்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும், மீனின் செவுளையும் புண்ணாக்கும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும், குளோரின் கலந்துதான் குழாய்க்கு வருகிறது. வழக்கமாக நீங்கள் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து, ஆன்டி குளோரின் நாலு சொட்டு விட்டு, அதிலும் கால்வாசிதான் மாற்றுவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சினன் அன்று மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டார். முதல் நாளே குளோரினில் செவுள் பாதிக்கப்பட்டது. சுத்தம் செய்யப் பாக்டீரியாவும் இல்லாததால், அடுத்தடுத்த நாட்களில் அம்மோனியா ஏறியது.

இனி உங்களை அறுத்துக்கொண்டிருக்கும் கேள்வி: 'ஞாயிறு ராத்திரியே கவனித்திருந்தால்? திங்கள் லீவு போட்டிருந்தால்?' டாக்டர் சொன்னது இதுதான். ஆஸ்கார் மனம் சரியில்லாமல் ஒருக்களித்துப் படுப்பது அந்த மீனுக்கே உள்ள பழக்கம். வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதைக் கோபம் என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. திங்கட்கிழமை நீங்கள் போட்ட உப்பும் ஏர் பம்ப்பும்கூடச் சரியான காரியங்கள்தான். உப்பு நைட்ரைட் விஷத்தைக் கொஞ்சம் தடுக்கும். குளோரின் போக்கிய தண்ணீரைக் கொண்டு பாதிக்குப் பாதி மாற்றிக்கொண்டே இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். செவுள் அதற்குள் வெந்திருந்தால் அப்போதும் பிழைத்திருக்காது. எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இந்த 'இருந்திருக்கலாம்' ராத்திரியில் திரும்பத் திரும்ப வரும். வரும்போது, அன்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை தெரிந்ததை வைத்து ஞாயிற்றுக்கிழமை மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

இதே நியாயம் மச்சினனுக்கும் பொருந்தும். இது உங்களுக்கு உடனே பிடிக்காது என்று தெரியும்.

'நாய் என்றால் கேஸ் போடலாம், மீனுக்கு நாதியில்லையா' என்று கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாதி இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில், பிராணி என்றால் மனிதர் அல்லாத எந்த உயிரும் என்றுதான் இருக்கிறது. மீனும் அதில் அடக்கம். ஆனால் அந்தச் சட்டம் கேட்பது வதையை. உங்களைச் சந்தோஷப்படுத்தலாம் என்று சனிக்கிழமையைச் செலவழித்துத் தொட்டி கழுவியது வதை ஆகாது. அதை நீங்களும் அறிவீர்கள். உங்கள் கோபத்துக்குக் காரணம் வேறு ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. 'போனா போகுது மாமா, வேற வாங்கித் தர்றேன்' என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம்தான் உங்களைச் சுட்டது. இழப்பு என்ன என்பதே அவருக்குப் புரியவில்லை.

அவரிடம் நீங்கள் ஒரு முறை பேச வேண்டும். மன்னிப்பு வாங்குவதற்காக அல்ல, என்ன நடந்தது என்று சொல்வதற்காக. 'ஸ்பாஞ்சைக் கழுவினதும், பைப் தண்ணியை நேரா விட்டதும்தான் காரணம். உனக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை, நானும் சொல்லிட்டுப் போகலை. ஆனா அது எனக்கு வெறும் மீன் இல்லை. வேற வாங்கித் தர்றேன்னு சொன்னது வலிச்சுது.' இவ்வளவு போதும். அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அவர் பாடு. மனைவியின் தம்பி அவர். இந்தப் பேச்சு நிற்பதால் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருப்பது உங்கள் மனைவி. மத்திக் குழம்பு வார்த்தை அந்த எரிச்சலிலும் வந்திருக்கலாம். இன்னொன்றும் கவனித்தேன். பட்டாணியின் பெல்லட் டப்பா இன்னும் சமையலறை அலமாரியில் இருப்பதாகவும், பார்த்தாலே பற்றிக்கொண்டு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அலமாரி உங்கள் மனைவியின் பொறுப்பில் இருப்பது. இரண்டு மாதமாக அதை அவர் தூக்கிப்போடவில்லை. ஏன் என்று கேட்டீர்களா?

தினமும் ஒரு குவாட்டர்

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அழுகை அல்ல, இந்த ஒரு வரிதான்.

ஆறரை மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள். முன்பு அந்த நேரத்தில் ஒரு மீன் காத்திருந்தது. கைகால் கழுவி, தீனி போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம். மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைவதை இங்கிலாந்தின் பிளிமத் நகரில் உள்ள பெரிய அக்வேரியத்தில் ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார்கள். எட்டு மணி நேரம் மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருபவருக்கு அது எவ்வளவு பெரிய இளைப்பாறல் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அரை மணி நேரம் இப்போது காலியாகிவிட்டது. அதே நேரத்தில், முந்தின நாளே வாங்கி வைத்த பாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. துக்கத்துக்குக் குடிக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, அந்த அரை மணி நேரத்துக்குக் குடிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

குடித்தால் கண் சீக்கிரம் மூடும், ஆனால் பாதித் தூக்கத்தில் விழிப்பு வரும். ஏற்கெனவே பகலில் தூங்குபவருக்கு அது இன்னும் மோசம். குடி மனச்சோர்வையும் கூட்டும். துக்கம் காலப்போக்கில் இறங்கும், தினக் குடி தானாக இறங்காது. ஆகவே இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குடிக்காத வேளையில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு இருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், அது ஆபத்தாகலாம். மருத்துவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'மீனுக்காக அழுகிறேன்' என்று அங்கே போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தால், தூக்கம் வரவில்லை, குடி கூடிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். போனில் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப்பார்த்தால் அன்றே கூப்பிடுங்கள்.

அந்த அரை மணி நேரத்துக்கு வேறு ஏதாவது வைத்தாக வேண்டும், சும்மா விட்டால் பாட்டில்தான் வரும். காலை நடை, பேப்பர், கொல்லைச் செடிக்குத் தண்ணீர் என்று உங்களுக்கு எது வாட்டமோ அது. மனைவி எழுந்திருக்கும் நேரமும் அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காபி குடித்தால்கூட ஆயிற்று.

மகளிடம் சொல்வது

உடனே சொல்லிவிடுங்கள். பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தீர்கள், சரி, அது முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பழைய வீடியோவை இன்றைக்கு எடுத்தது என்று அனுப்பியதுதான் எனக்கு உறுத்துகிறது. லீவுக்கு வந்து அவள் காலித் தொட்டியைப் பார்த்தால், மீன் செத்ததைவிட அப்பா இரண்டு மாதம் நடித்ததுதான் அதிகமாக வலிக்கும். பத்தொன்பது வயதுப் பெண் இதைத் தாங்குவாள். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், போனில் பேசுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், மறைத்ததையும் ஏன் மறைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மாமா மேல் பழியைப் போட்டு மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவளுக்கும் அழுகை வரும், கோபமும் வரலாம். இந்த உலகத்தில் பட்டாணிக்காக உங்களோடு சேர்ந்து அழக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவளிடமே நீங்கள் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தொட்டியை என்ன செய்வது

மோட்டாரை நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிட்டது போல் ஆகிவிடும் என்று ஓடவிட்டிருக்கிறீர்கள். ஓடட்டும், கரண்ட் பில்லைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்குத் தீனி கிடையாது, ஃபில்டர் மெல்ல மெல்ல வெறும் ஸ்பாஞ்சு ஆகிவிடும் என்பது தெரிந்திருக்கட்டும். நாளைக்கே கடையில் ஒரு மீனை வாங்கி விட்டால் பழைய கதையே திரும்ப நடக்கும். தொட்டி மறுபடி பழக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் டெஸ்ட் கிட் கடைகளில் கிடைக்கிறது. காலித் தொட்டியில் அம்மோனியா எப்படியும் பூஜ்யம்தான் காட்டும்; ஒரு சிட்டிகை தீனி போட்டு அம்மோனியா ஏறி, பிறகு அதுவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினபிறகுதான் மீன்.

வாங்குவதா வேண்டாமா என்பதை மகளோடு பேசிய பிறகு முடிவு செய்யுங்கள். மச்சினன் வாங்கித் தரும் மீன் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், அது பட்டாணிக்கு ஈடு கட்டுவது போல் ஆகிவிடும். இன்னொரு ஆஸ்கார் என்றால், நன்றாக வைத்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும். உங்கள் ரிட்டயர்மென்ட் வரை வரும் உறவு. அதற்குத் தயாரா என்று யோசியுங்கள். அவ்வளவு வேண்டாம் என்றால் கப்பி, மொல்லி மாதிரிச் சின்ன மீன்கள் வளர்க்கலாம். இல்லை, தொட்டியையே வேண்டிய யாருக்காவது கொடுத்துவிடலாம், அதுவும் துரோகம் அல்ல. ஆனால் வளர்க்க முடியாமல் போனால் குளத்திலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். டேங்க் கிளீனர் மீனை அப்படி விட்டுவிட்டு இன்று நம் ஊர் நீர்நிலைகள் படும் பாடு போதும்.

மறுபடி வளர்ப்பதாக இருந்தால், ஊருக்குப் போகும்போது தொட்டி மேல் ஒரு தாள் ஒட்டுங்கள்: தண்ணீர் மாற்ற வேண்டாம், ஃபில்டரைத் தொட வேண்டாம், கரண்ட் போனால் மட்டும் கூப்பிடு. தீனிகூடப் போடச் சொல்ல வேண்டியதில்லை. வளர்ந்த ஆஸ்கார் நான்கு நாள் பட்டினி கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.